நாற்பத்தோராவது மரம்

நாற்பத்தோராவது மரத்தடியில்தான்
சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
கவையில் போனைச் சொருகி
வாளியை இறக்கி வைத்தேன்.
பொன்மனையில் ஒன்பதே கால்.
பந்து ஆடும் அந்த ஊரில்
மத்தியானம் தாண்டியிருக்கும்.

நான் விடிவதற்குள் முந்நூறு மரம் வெட்டியவள்,
சிரட்டை சிரட்டையாகப் பால் எடுக்கும் நேரம்.
சுபிஜா ஏழு பேரில் ஒருத்தியாக
நாட்டின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு
இருபத்தாறு கோல் பின்னால் நிற்கிறாள்.

ஆமாம், இருபத்தாறு.
ஒளிக்க என்ன இருக்கிறது,
பத்துக்கு முப்பத்தாறு.
மஞ்சள் சட்டைக்காரிகள் கமுகு உயரம்.
குனிந்தால்தான் நம் பிள்ளைகள்
அவர்கள் கண்ணில் படுவார்கள்.

போன வாரம் ஜங்ஷனில் பேனர் கட்டினார்கள்:
'ஆசியக் கைப்பந்துப் போட்டியில் நம் சுபிஜா.'
அவள் தலைக்குப் பின்னால் அச்சகத்துக்காரர்
வாலிபால் வலை ஒன்றை விரித்திருந்தார்.
கைப்பந்து என்றால் நமக்கு அதுதானே.
எறிபந்து என்று மாற்றுங்கள் என்றேன்.
அது த்ரோபால் என்றார் கவுன்சிலர்.
ஊருக்குப் பெயர் தெரியாத ஆட்டத்தை
எட்டு வருடம் ஆடினோம் நானும் அவளும்,
குலசேகரத்துச் சரல் மைதானத்தில்.
அவள் எறிவாள்.
நான் தடுப்பேன்.

பந்து கையில் ஒட்ட
அங்கெல்லாம் பசை தேய்ப்பார்களாம், டப்பாவில் வரும்.
எங்களுக்கு ஒட்டுப்பால்.
காலையில் மரம் வெட்டிய விரலோடு வந்தால்
விட்டாலும் போகாது பந்து.
"கை களுவாத பிள்ளதான் நல்ல பிளேயரு"
என்பார் பி.டி. சார்.

என் முட்டு போனது ஒரு மழைக்காலத்தில்.
அது வேறு கதை.
இல்லை, கதையே இல்லை.
சறுக்கினேன், அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டாவது நிமிடம்.
பாய்ந்தவளின் இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள் ஒருத்தி.
நடுவர் கை நீட்டுகிறார்: ஏழு மீட்டர்.
சுபிஜா பந்தைக் கேட்டு வாங்குகிறாள்.
அவள் பெயரை வர்ணனைக்காரன்
எங்கோ கொண்டுபோய் உடைக்கிறான்.
கை உயர்கிறது.
படம் நின்றுவிட்டது.

வட்டம் சுற்றட்டும், எனக்குத் தெரியும்.
கண் வலப்பக்கம் போகும்,
தோளும் அதன் பின்னால் போகும்.
நாக்கு நுனி மட்டும்
இடது கடைவாயில் எட்டிப் பார்க்கும்.
நாக்கு பார்த்த பக்கம்தான் பந்து, தரையோடு.
அவளுக்கு இடது, எனக்கு வலது.
எட்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை,
அவளுக்கும்.

படம் அசைந்தது.
நாக்கு நுனி.

என் வலதுகால் என்னைக் கேட்காமல் பறந்தது,
போன முட்டையும் இழுத்துக்கொண்டு.
தடுத்துவிட்டேன்.
நாற்பது மரத்துப் பாலும் வாளியோடு உருண்டு
சருகுக்குள் வெள்ளையாக இறங்கியது.

அங்கே வலை குலுங்கியது.
அந்த நெட்டைக் கோல்கீப்பர்
தோளையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினொன்று!
சருகில் கிடந்தபடி கைதட்டினேன்,
ஒவ்வொரு தட்டுக்கும்
உள்ளங்கைகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

கடைசியில் பதின்மூன்றுக்கு நாற்பத்தொன்று.

"என்ன மக்கா, பாலு கொறயுது?"
ரசாலம் அண்ணாச்சி வாளியைச் சரித்துப் பார்த்தார்.
"காலு தட்டிச்சு அண்ணாச்சி."
"பாத்து நடக்கப்பிடாதா?"
ஒரு கோலைத் தடுத்தேன் என்றால்
யாருடைய கோலை என்று கேட்பார்.

ஷீட் அடிக்கிற புரைக்குள்
எப்படியோ வழிதவறி வந்தது ஒரு படம்:
அவள் வலதுகை, விரலெல்லாம் கறுத்த பசை.
'சோப்பு போட்டும் போவல்ல. என்ன செய்ய?'

'தேங்காயெண்ண தேயி.
கிட்டல்லன்னா களுவண்டாம்,
நாளைக்கும் மேட்ச் உண்டுல்லா.'
அதற்குக் கீழே,
'எறியும்போ நாக்க உள்ள வை' என்று எழுதினேன்.
அழித்தேன்.
ரோலரில் இரண்டு ஷீட் போன பிறகு
திரும்பவும் எழுதினேன்.

அனுப்பினால் போகவில்லை, வட்டம் சுற்றியது.
வீங்கிய முட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு
மேடேறினேன்,
நாற்பத்தோராவது மரம்வரைக்கும்.